ஹிக்கின்ஸ்: ஓர் ஐரிஷ்காரர் பெயரில் இருந்த மெல்போர்ன் தொகுதி

மெல்போர்ன் மாநகரின் உள்தென்கிழக்கில், யாரா ஆற்றின் தென்கரையை ஒட்டி, ஹிக்கின்ஸ் என்ற நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. டூராக்கின் மாளிகைத் தெருக்களும், சேப்பல் தெருக் கடைவீதி ஓடும் பிரஹானும், மால்வெர்ன், ஆர்மடேல், கிளென் ஐரிஸ் ஆகிய குடியிருப்புகளும், ஆசிய உணவகங்கள் வரிசைகட்டி நிற்கும் கார்னெகியும் அதன் கடைசிக்கால எல்லைக்குள் அடங்கின. 1949 டிசம்பரில் முதன்முறையாக வாக்களித்த இத்தொகுதி, 2025 மே தேர்தலின்போது வரைபடத்தில் இல்லை. இடைப்பட்ட காலத்தில் ஏழு பேர் இதன் உறுப்பினர்களாக இருந்தார்கள். அவர்களில் இருவர் நாட்டின் பிரதமர் ஆனார்கள்; இருவர் நீண்டகாலம் நிதியமைச்சராக இருந்தார்கள்; கடைசியாக வந்தவர் இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகள்.

ஆஸ்திரேலியாவில் கூட்டாட்சித் தொகுதிகள் பலவற்றுக்கு ஊர்ப்பெயர் கிடையாது. நாட்டுக்கு உழைத்தவர்களின் பெயரைத் தொகுதிக்குச் சூட்டுவது அங்கே வழக்கம். ஹிக்கின்ஸ் தொகுதிக்குப் பெயர் கொடுத்தவர் ஹென்றி போர்ன்ஸ் ஹிக்கின்ஸ். அயர்லாந்தின் டவுன் கவுண்டியில் உள்ள நியூடவுனார்ட்ஸ் என்ற ஊரில், ஒரு மெதடிஸ்ட் போதகரின் மகனாக 1851இல் பிறந்தவர். 1870இல் குடும்பத்தோடு மெல்போர்னுக்குக் கப்பலேறினார். அங்கேயே படித்து, வழக்கறிஞராகிப் பெயரும் பொருளும் ஈட்டினார். அயர்லாந்துக்குத் தன்னாட்சி வேண்டும் என்று கடல் கடந்த பிறகும் வெளிப்படையாகப் பேசினார். 1894இல் ஜீலாங் தொகுதியிலிருந்து விக்டோரியா மாநிலச் சட்டமன்றத்துக்குச் சென்றார். ஊரே போர்வெறியில் இருந்தபோது, தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் படை அனுப்பக் கூடாது என்று எதிர்த்துப் பேசினார். 1900இல் அந்தத் தொகுதியை இழந்தார்.

ஆறு குடியேற்றங்களும் ஒன்றுசேர்ந்து ஒரே நாடாவதற்கான அரசியல் சட்டத்தை எழுதிய 1897-98 மாநாட்டில் அவரும் ஒரு பிரதிநிதி. கூட்டாட்சி அரசு எந்த மதத்தையும் அரசு மதமாக நிறுவக் கூடாது என்று சொல்லும் 116ஆம் பிரிவு அவருடைய முயற்சியால் வந்தது. மாநில எல்லைகளைத் தாண்டும் தொழில் தகராறுகளைச் சமரசத்தாலும் நடுவர் தீர்ப்பாலும் தீர்க்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் 51ஆம் பிரிவின் 35ஆம் உட்பிரிவிலும் அவர் கை இருந்தது. இந்த உட்பிரிவு தொகுதியின் கதையில் பின்னால் மறுபடி வரும். ஆனால் அரசியல் சட்டம் முழு வடிவம் பெற்றபோது, அது மக்களாட்சிக்குப் போதுமானதல்ல என்று சொல்லி அதை எதிர்த்தே பிரசாரம் செய்தார். 1901இல் முதல் நாடாளுமன்றத்துக்கு வடக்கு மெல்போர்னிலிருந்து தேர்வானார். 1904இல் தொழிற்கட்சி தன் முதல் கூட்டாட்சி அரசை அமைத்தபோது, அக்கட்சியில் உறுப்பினராக இல்லாத அவரை அட்டர்னி ஜெனரலாக ஏற்றுக்கொண்டது. 1906இல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். ஆஸ்திரேலியாவில் அதுவே நாட்டின் உச்ச நீதிமன்றம்.

அவர் பெயரை நிலைக்கச் செய்தது 1907 நவம்பரில் தந்த ஹார்வெஸ்டர் தீர்ப்பு. மெல்போர்னின் மேற்கே சன்ஷைனில் எச். வி. மெக்கே என்பவர் அறுவடை இயந்திரத் தொழிற்சாலை நடத்திவந்தார். தொழிலாளிக்கு ‘நியாயமான, தகுந்த’ கூலி கொடுக்கும் முதலாளி உற்பத்தி வரி கட்ட வேண்டாம் என்று அப்போது ஒரு சட்டம் இருந்தது. எது நியாயமான கூலி என்று சட்டம் சொல்லவில்லை. அதைச் சொல்லும் பொறுப்பு ஹிக்கின்ஸ் தலையில் விழுந்தது. முதலாளிக்கு எவ்வளவு கட்டுப்படியாகும் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. நாகரிக சமூகத்தில் வாழும் ஒரு மனிதனுக்கு என்ன தேவை என்ற இடத்திலிருந்து தொடங்கினார். வீட்டுச் செலவு பார்க்கும் பெண்கள் சாட்சி சொல்ல வந்தார்கள். வீட்டு வாடகை, மளிகை, ரொட்டி, இறைச்சி, பால், விறகு, காய்கறி, பழம் என்று ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு வாரம் 32 ஷில்லிங் 5 பென்ஸ் ஆகிறது என்று கணக்கு வந்தது. விளக்கு, துணிமணி, காலணி, தட்டுமுட்டுச் சாமான், செய்தித்தாள், டிராம் கட்டணம், தையல் இயந்திரம், பள்ளிச் செலவு, நோய்நொடி, தான தருமம் எதுவும் அதில் சேரவில்லை. சாதாரணத் தொழிலாளிக்கு நாளுக்கு 7 ஷில்லிங், ஆறு நாள் வாரத்துக்கு 42 ஷில்லிங் என்று தீர்ப்பளித்தார். மெக்கே தொழிற்சாலையில் அதுவரை நாள் கூலி 6 ஷில்லிங். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போக மிஞ்சிய 9 ஷில்லிங் 7 பென்ஸில்தான் மற்ற எல்லாம் நடக்க வேண்டும். இன்று படிக்கையில் அது சொற்பம்தான். ஆனால் ஒரு நீதிபதி குடும்பப் பெண்ணின் வரவுசெலவை நீதிமன்றச் சான்றாக ஏற்று, அதிலிருந்து கூலியை வரையறுத்தது பெரிய செயல்.

1908இல் உயர் நீதிமன்றம் அந்த வரிச் சட்டத்தையே செல்லாது என்றது. ஹிக்கின்ஸ் அந்த அமர்வில் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். மெக்கே பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. ஆனால் 1907 முதல் 1921 வரை தொழில் நடுவர் நீதிமன்றத் தலைவராக இருந்த ஹிக்கின்ஸ், அதே அளவுகோலை வழக்குக்கு வழக்கு கையாண்டார். ‘அடிப்படைக் கூலி’ என்ற பெயரில் அது நாடு முழுவதும் பரவி 1967 வரை நீடித்தது. அதன் குறையும் அதோடு சேர்ந்தே வந்தது. மனைவியையும் பிள்ளைகளையும் ஆண் காப்பாற்றுகிறான் என்ற கணக்கில் எழுந்த கூலியாதலால், பெண்களுக்கு அதில் ஏறத்தாழ பாதிதான் கிடைத்தது. 1912இல் பழம் பறிக்கும் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான கூலி தர வேண்டும் என்று ஹிக்கின்ஸ் தீர்ப்பளித்தது உண்மை. பெண்களின் வேலை என்று கருதப்பட்ட தொழில்களுக்கு அந்த நியாயத்தை அவர் நீட்டவில்லை.

இதைவிடக் கனமான குறை ஒன்று உண்டு. 1902இல் நாடாளுமன்றம் கூட்டாட்சி வாக்குரிமைச் சட்டத்தை விவாதித்தது. அந்தச் சட்டம் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. உலகில் அதுவரை நியூசிலாந்து தவிர வேறெந்த நாடும் நாடு தழுவிய அளவில் அதைச் செய்திருக்கவில்லை. அதே சட்டம் ஆஸ்திரேலியா, ஆசியா, ஆப்பிரிக்கா ஆகியவற்றின் பூர்வகுடியினருக்கும் பசிபிக் தீவினருக்கும் வாக்குரிமையை மறுத்தது. மாவோரிகளுக்கு மட்டும் விலக்குத் தந்தது. ஏற்கெனவே மாநிலப் பட்டியலில் இருந்தவர்கள் மட்டும் தப்பினார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடியினரையும் விலக்க வேண்டும் என்று மக்களவையில் திருத்தம் கொண்டுவந்தவர் ஹிக்கின்ஸ். அயர்லாந்தின் உரிமைக்கும் போயர்களின் உரிமைக்கும் தொழிலாளியின் உரிமைக்கும் குரல் கொடுத்தவர், சொந்த மண்ணின் மக்களுக்கு அந்த நீதி எட்டாமல் பார்த்துக்கொண்டார். அவரைப் பற்றிய எந்த வரலாறும் இதைச் சொல்லாமல் நகர முடியாது.

அந்தத் தடையின் ஆசியப் பகுதியை அசைத்தவர்களில் ஒரு தமிழரும் இருக்கிறார். வலங்கைமானில் 1869இல் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரிதான் அவர். 1921இல் லண்டனில் கூடிய பேரரசு மாநாடு, குடியேற்ற நாடுகளில் முறையாகக் குடியிருக்கும் இந்தியர்களுக்குக் குடியுரிமைகள் கிடைக்க வேண்டும் என்று தீர்மானித்தது. தென்னாப்பிரிக்கா மட்டும் உடன்படவில்லை. அதைச் செயலாக்கும்படி கேட்க சாஸ்திரி 1922இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்தார். நாடாளுமன்றம் அப்போது மெல்போர்னில்தான் கூடியது. 1927இல்தான் கான்பெராவுக்குப் போனது. கதவைத் திறந்துவிடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. உள்ளே இருப்பவர்களுக்கு உரிமை கொடுங்கள் என்றே கேட்டார். 1924இல் மெல்போர்னில் வாழ்ந்த மிட்டா புல்லோஷ் என்ற இந்தியர் வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கக் கோரி வழக்குப் போட்டு வென்றார். 1925இல் சட்டம் திருத்தப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழ்ந்தவர்கள் வாக்காளர்கள் ஆனார்கள். பழங்குடியினருக்குக் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை வர 1962 ஆயிற்று.

ஹிக்கின்ஸ் 1929 ஜனவரியில் மறைந்தார். அவருடைய ஒரே மகன் மெர்வின் 1916இல் எகிப்தில் போர்க்களத்தில் இறந்த துயரம் கடைசி வரை அவரை விடவில்லை.

அவர் பெயரில் தொகுதி பிறந்தது இருபது ஆண்டுகள் கழித்து. 1949 தேர்தலுக்கு முன் மக்களவை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெரிதாக்கப்பட்டு, 75 இடங்கள் 123 ஆயின. விக்டோரியாவின் பங்கு 20இலிருந்து 33 ஆனது. புதிதாகத் தோன்றிய தொகுதிகளில் ஒன்று ஹிக்கின்ஸ். தொழிலாளியின் கூலிக்காக நினைவுகூரப்படும் ஒருவர் பெயர், நாட்டின் செல்வந்தர்கள் அடர்ந்து வாழும் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் தேர்தலிலேயே லிபரல் கட்சி வென்றது. 2022 வரை, 72 ஆண்டுகளுக்கு மேல், வேறு எந்தக் கட்சியும் அங்கே வெல்லவில்லை.

முதல் உறுப்பினர் ஹரல்ட் ஹோல்ட். 1935 முதல் நாடாளுமன்றத்தில் இருந்தவர் 1949இல் ஹிக்கின்ஸுக்கு மாறினார். பிரதமர் ராபர்ட் மென்சீஸின் அமைச்சரவையில் குடிவரவு அமைச்சர், 1958 வரை தொழிலாளர் அமைச்சர், பிறகு நிதியமைச்சர் என்று படிப்படியாக உயர்ந்தார். குடிவரவு அமைச்சரானதும், நாடுகடத்தலுக்குக் காத்திருந்த சுமார் 800 ஆசிய அகதிகள் தங்கிக்கொள்ள அனுமதித்தார்; ஆஸ்திரேலியச் சிப்பாய்களை மணந்த ஜப்பானியப் பெண்களுக்கும் வழிவிட்டார். 1966 ஜனவரியில் பிரதமரானார். அந்த மார்ச் மாதம் அவருடைய அரசு, தகுதியுள்ள ஐரோப்பியர் அல்லாதவர்களும் குடியேற விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தது. குடியுரிமைக்கு அவர்கள் 15 ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதி 5 ஆண்டாகக் குறைந்தது. ‘வெள்ளை ஆஸ்திரேலியா’ கொள்கையின் முதுகெலும்பு முறிந்தது அப்போதுதான். 1973இல் கோஃப் விட்லம் அரசு மிச்சத்தை அகற்றியது. பிற்பாடு, குறிப்பாக இலங்கையின் 1983 கலவரத்துக்குப் பின், மெல்போர்னிலும் சிட்னியிலும் வந்து இறங்கிய தமிழ்க் குடும்பங்கள் நுழைந்த வாசல் அது.

1967 மே 27 அன்று ஹோல்ட் அரசு மக்களிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டு வாக்கெடுப்பு நடத்தியது. ஒன்று, மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பழங்குடியினரைச் சேர்க்கக் கூடாது என்ற அரசியல் சட்டப் பிரிவை நீக்கி, அவர்களுக்காகச் சட்டமியற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருவது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அதற்கு ஆம் என்றார்கள். அந்த நாள் ஆஸ்திரேலிய வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. மற்றொரு கேள்வியை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. மக்களவையின் எண்ணிக்கை செனட்டின் எண்ணிக்கையைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கட்டை அவிழ்க்க ஹோல்ட் அனுமதி கேட்டார். மக்கள் மறுத்துவிட்டார்கள். ஹிக்கின்ஸ் தொகுதியின் முதல் உறுப்பினர் அவிழ்க்க முயன்று முடியாமல்போன அந்த விதிதான், 56 ஆண்டுகளுக்குப் பின் எத்தனை தொகுதிகள் எந்த மாநிலத்துக்கு என்று தீர்மானித்த கணக்கின் அடித்தளம்.

1967 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மெல்போர்னுக்குத் தெற்கே போர்ட்சீ அருகில் செவியட் கடற்கரையில் ஹோல்ட் நீந்தப் போனார். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. உடன் வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலைகளுக்குள் மறைந்தார். பெரும் தேடுதல் நடந்தும் உடல் கிடைக்கவில்லை. பதவியில் இருக்கும் பிரதமர் ஒருவர் கடலில் காணாமல்போனது ஆஸ்திரேலியர்கள் இன்றும் பேசி முடிக்காத செய்தி. அவருடைய தொகுதியில், கிளென் ஐரிஸில், ஒரு பொது நீச்சல்குளம் அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அவர் பெயரையே வைத்து 1969இல் திறந்தார்கள். நீரில் மறைந்தவருக்கு நீச்சல்குளமா என்று வெளியூர்க்காரர்கள் வியப்பதுண்டு. நீச்சலை உயிராக நேசித்த தங்கள் உறுப்பினருக்கு, தங்கள் பிள்ளைகள் நீந்தப் பழகும் இடத்தில் அவ்வூர் மக்கள் நினைவிடம் அமைத்தார்கள் என்பதே அதன் பொருள்.

காலியான தொகுதி, நாட்டின் அடுத்த பிரதமருக்கு வழியானது. லிபரல் கட்சி 1968 ஜனவரியில் ஜான் கார்ட்டனைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அவர் அப்போது செனட் உறுப்பினர். ஜனவரி 10 அன்று பிரதமராகப் பதவியேற்றார். பிரதமர் மக்களவையில் இருக்க வேண்டும் என்பது மரபு. ஆகவே பிப்ரவரி 1 அன்று செனட்டிலிருந்து விலகி, பிப்ரவரி 24 அன்று நடந்த ஹிக்கின்ஸ் இடைத்தேர்தலில் வென்றார். இடைப்பட்ட மூன்று வாரத்துக்கு மேல் ஆஸ்திரேலியப் பிரதமர் எந்த அவையிலும் உறுப்பினராக இல்லை. அவையில் இடம்பெறாத ஒருவர் மூன்று மாதம் வரை அமைச்சராக நீடிக்க அரசியல் சட்டத்தின் 64ஆம் பிரிவு இடம் தருவதால் அது செல்லுபடியானது. இந்தியாவில் ஆறு மாத அவகாசம் உண்டு. 1971 மார்ச்சில் கட்சிக்குள் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பு 33-33 என்று சமமாக முடிந்தபோது, கார்ட்டன் பதவியை விட்டு விலகினார். 1975இல் மால்கம் ஃபிரேசர் தலைவரானதும் கட்சியையே விட்டு வெளியேறி, ஹிக்கின்ஸின் சுயேச்சை உறுப்பினராகச் சிறிது காலம் அமர்ந்தார். அந்த ஆண்டு தேர்தலில் கான்பெராவிலிருந்து செனட்டுக்கு நின்று தோற்றார்.

அடுத்த பதினான்கு ஆண்டுகள் ரோஜர் ஷிப்டன் உறுப்பினராக இருந்தார். கட்சி வேட்பாளர் தேர்வில் அவரைத் தோற்கடித்து 1990இல் வந்தவர் பீட்டர் காஸ்டெல்லோ.

தொகுதியின் பெயருக்கும் உறுப்பினருக்கும் இடையிலான தூரம் உச்சத்தைத் தொட்டது காஸ்டெல்லோ காலத்தில். 1985இல் மெல்போர்னில் டாலர் ஸ்வீட்ஸ் என்ற மிட்டாய் நிறுவனத்தின் வாசலில் தொழிற்சங்கம் நடத்திய மறியலை எதிர்த்து நடந்த வழக்கில், நிறுவனத்தின் பக்கம் வாதாடிய இளம் வழக்கறிஞர் அவர். 1986இல் எச். ஆர். நிக்கல்ஸ் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கிய நால்வரில் அவரும் ஒருவர். நடுவர் நீதிமன்ற முறையையே கலைக்க வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் நோக்கம். அதன் பெயருக்குரிய ஹென்றி நிக்கல்ஸ், ஹோபார்ட்டில் ‘மெர்க்குரி’ நாளேட்டின் ஆசிரியர். எண்பது வயதைத் தாண்டிய அவர் 1911இல் நீதிபதி ஹிக்கின்ஸை அரசியல் சார்புள்ளவர் என்று தலையங்கத்தில் சாடி, நீதிமன்ற அவமதிப்பு வழக்கைச் சந்தித்து விடுதலையானார். ஹிக்கின்ஸைத் தாக்கியவரின் பெயரில் சங்கம் கண்டவர், நான்கே ஆண்டுகளில் ஹிக்கின்ஸின் பெயரைத் தாங்கிய தொகுதிக்கு உறுப்பினர் ஆனார்.

1996 முதல் 2007 வரை தொடர்ந்து பன்னிரண்டு வரவுசெலவுத் திட்டங்களை அவர் அளித்தார். ஆஸ்திரேலியாவில் நிதியமைச்சர் பதவியில் அவரளவு நீண்ட காலம் இருந்தவர் எவருமில்லை. 2000 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது அவர் காலத்தில். 2005இல் அவர் இடம்பெற்ற ஜான் ஹோவர்ட் அரசு ‘வொர்க்சாய்சஸ்’ என்ற தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. ஹிக்கின்ஸ் அரசியல் சட்டத்தில் இடம்பெறச் செய்த சமரச, நடுவர் அதிகாரத்தை ஒதுக்கிவிட்டு, நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் வேறோர் அதிகாரத்தின் மேல் அந்தச் சட்டம் நிறுத்தப்பட்டது. 2006இல் உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. மக்கள் 2007 தேர்தலில் அந்த அரசை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்து வந்த தொழிற்கட்சி அரசு புதிய சட்டம் கொண்டுவந்தாலும், ஹிக்கின்ஸ் நாட்டிய தூணுக்கு அது திரும்பவில்லை.

காஸ்டெல்லோ விலகியதும் 2009 டிசம்பரில் இடைத்தேர்தல் வந்தது. தொழிற்கட்சி வேட்பாளரையே நிறுத்தவில்லை. லிபரல் வேட்பாளர் கெல்லி ஓட்வயரை எதிர்த்துப் பசுமைக் கட்சி சார்பில் எழுத்தாளர் கிளைவ் ஹாமில்டன் நின்றார். ஓட்வயர் எளிதாக வென்றார். 2017இல் குழந்தை பெற்றபோது, பதவியில் இருக்கையில் தாயான முதல் கூட்டாட்சிக் கேபினட் அமைச்சர் அவர்தான். கடைசியாக அவர் வகித்தது தொழில் உறவுத் துறை. 1950களில் ஹோல்ட் வைத்திருந்த துறையின் வழித்தோன்றல். 2019இல் அவர் இடத்துக்குக் குழந்தை மருத்துவ ஆய்வாளர் கேட்டி ஆலன் வந்தார்.

அதற்குள் தொகுதியின் முகம் மாறிவிட்டிருந்தது. சவுத் யாராவிலும் பிரஹானிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்து, இளைஞர்களும் வாடகைதாரர்களும் பெருகினார்கள். கார்னெகி, மரம்பீனா பக்கம் புதிய குடும்பங்கள் வந்தன. 2016இல் பசுமைக் கட்சி இரண்டாம் இடத்தைப் பிடித்தது. பருவநிலை மாற்றத்தைப் பற்றிய கவலை, லிபரல் கட்சிக்குத் தலைமுறை தலைமுறையாக வாக்களித்த வீடுகளுக்குள்ளும் நுழைந்தது.

2022 தேர்தலில் தொழிற்கட்சி நிறுத்தியவர் மிஷெல் ஆனந்தராஜா. லண்டனில் பிறந்தவர். ஆல்ஃபிரட் மருத்துவமனையில் தொற்றுநோய் மருத்துவராகவும் ஆய்வாளராகவும் இருந்தவர். கொரோனா காலத்தில் மருத்துவமனை ஊழியர்களுக்குச் சரியான முகக்கவசமும் பாதுகாப்பும் வேண்டும் என்று பொதுவெளியில் குரல் எழுப்பி அறியப்பட்டார். எதிரே நின்ற ஆலனும் மருத்துவர். முதல் எண்ணிக்கையில் ஆலன் 40 சதவீதத்தை ஒட்டி வாங்கி முதலிடத்தில் இருந்தார். ஆனந்தராஜா வாங்கியது 30க்கும் குறைவு. பசுமைக் கட்சி 20க்கு மேல். இந்திய முறையாக இருந்தால் அத்தோடு ஆலன் வென்றிருப்பார். ஆஸ்திரேலியாவில் 1918 முதல் விருப்பு வாக்கு முறை நடக்கிறது. வாக்காளர் எல்லா வேட்பாளர்களுக்கும் 1, 2, 3 என்று வரிசை எண் இட வேண்டும். கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாருக்கோ அவருக்குச் சேர்ப்பார்கள். இருவர் மிஞ்சும் வரை இது தொடரும். பசுமைக் கட்சியின் சீட்டுகள் பெரும்பாலும் ஆனந்தராஜாவிடம் வந்து சேர்ந்தன. முடிவில் சுமார் 52 சதவீதம் பெற்று வென்றார். ஹிக்கின்ஸில் தொழிற்கட்சி வென்றது அதுவே முதல்முறை. ஆசியப் பூர்வகுடியினருக்கு வாக்கு இல்லை என்று எழுதிய சட்டத்துக்கும், ஒரு தமிழ்ப் பெண் அத்தொகுதியின் உறுப்பினராக அவையில் அமர்ந்ததற்கும் இடையில் 120 ஆண்டுகள். அதே தேர்தலில், மெல்போர்னின் தென்கிழக்கில் ஹோல்ட்டின் பெயர் தாங்கிய தொகுதியில் இலங்கையில் பிறந்த கசாண்ட்ரா ஃபெர்னாண்டோ வென்றார்.

வென்று ஓராண்டு கழிந்ததும் தொகுதியின் விதி கணக்கேட்டில் தெரியத் தொடங்கியது. புதிய மக்களவை முதன்முறை கூடி ஓராண்டு ஆனதும், தேர்தல் ஆணையர் மக்கள்தொகைப் புள்ளிவிவரத்தை எடுத்து மாநிலங்களின் பங்கைக் கணக்கிட வேண்டும். மாநிலங்களின் மொத்த மக்கள்தொகையை, மாநில செனட்டர்கள் 72 பேரின் இரு மடங்கான 144ஆல் வகுத்தால் ஒரு பங்கு வரும். ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையில் அந்தப் பங்கு எத்தனை முறை அடங்குகிறதோ அத்தனை இடங்கள். மீதி பாதிக்கு மேல் இருந்தால் இன்னொன்று. 2023 ஜூலையில் வந்த முடிவின்படி, மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு ஓரிடம் கூடியது. நியூ சவுத் வேல்ஸ் 47இலிருந்து 46 ஆனது. விக்டோரியா 39இலிருந்து 38 ஆனது. சிட்னியில் பலியானது 1901 முதல் இருந்த வடக்கு சிட்னி தொகுதி.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதல்ல. 1962இல் 41 மக்களவை இடங்கள் பெற்றிருந்த சென்னை மாநிலம், 1967இல் 39ஆகக் குறைந்தது. அதன் பிறகு இந்தியா 1971 மக்கள்தொகைக் கணக்கோடு மாநிலப் பங்குகளை உறையவைத்தது. அந்த உறைநிலை முடிந்தால் என்னாகும் என்பதே இன்று தமிழகத்தின் பெருங்கவலை. ஆஸ்திரேலியாவில் உறைநிலை இல்லை. ஒவ்வொரு நாடாளுமன்றக் காலத்திலும் கணக்கு தானாக ஓடுகிறது. தொகுதி எல்லைக் கோட்டை வரைவது அரசியல்வாதிகள் அல்லர். தேர்தல் ஆணையரும், மாநிலத்தின் தேர்தல் அதிகாரி, தலைமை நில அளவையாளர், தலைமைத் தணிக்கையாளர் ஆகியோரும் சேர்ந்த குழு பொதுமக்களின் யோசனைகளைக் கேட்டு வரைகிறது. ஒவ்வொரு தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கையும் மாநிலச் சராசரியிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. சில ஆண்டுகள் கழித்து எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கைக்கு வரம்பு இன்னும் இறுக்கம்: மூன்றரை சதவீதம்.

மெல்போர்னின் வெளிவிளிம்புகளில் புதுக் குடியிருப்புகள் வேகமாக வளர, உள்கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருந்த தொகுதிகளில் வாக்காளர் எண்ணிக்கை போதாமல் போயிற்று. அந்தக் கூட்டத்தில் ஒன்றைக் கலைத்துப் பக்கத்துத் தொகுதிகளுக்குப் பகிர்வதே வழி என்று குழு கருதியது. 2024 மே மாத இறுதியில் ஹிக்கின்ஸின் பெயர் முன்மொழியப்பட்டது. ஆட்சேபங்கள் கேட்கப்பட்டு, அக்டோபரில் முடிவு சட்டபூர்வமானது.

டூராக்கும் மால்வெர்னும் கூயோங்குக்குப் போயின. கார்னெகியும் மரம்பீனாவும் ஹோத்தத்துக்கு. கிழக்கே இன்னொரு பகுதி சிசோமுக்கு. சவுத் யாரா, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மெல்போர்ன் தொகுதிக்கு. ஹிக்கின்ஸை மீட்க மறுபடி வேட்பாளராகியிருந்த கேட்டி ஆலன், தொகுதி மறைந்ததும் சிசோமில் நின்று தோற்றார். 2025 மே 3 தேர்தலில், ஆற்றின் தென்கரையில் புதிதாகச் சேர்ந்த பகுதிகளின் வாக்குகளும் சேர்ந்து, பசுமைக் கட்சித் தலைவர் ஆடம் பாண்ட் மெல்போர்ன் தொகுதியை இழந்தார். ஹிக்கின்ஸின் கடைசி உறுப்பினர் விக்டோரியா மாநில செனட் பட்டியலில் தொழிற்கட்சியின் மூன்றாவது வேட்பாளராக நின்றார். மூன்றாவது இடமும் கட்சிக்குக் கிடைக்க, 2025 ஜூலை 1 முதல் மிஷெல் ஆனந்தராஜா செனட்டில் அமர்ந்தார். 1968இல் கார்ட்டன் செனட்டிலிருந்து ஹிக்கின்ஸுக்கு வந்த பாதை அது, எதிர்த்திசையில்.